ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் தர மறுக்கிறது, டாக்டர் சாட்சி சொல்ல வர மறுக்கிறார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தால் வரவழைக்க முடியாதா?

கரிசல்மண் எழுதியது:

வணக்கம். அப்பாவின் விபத்து வழக்கு பற்றிக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பருப்பு மண்டியில் மூட்டை தூக்குபவர். 2023 மார்ச்சில் நான்கு வழிச் சாலையில் மொபெட்டில் வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 52. வலது காலில் தொடை எலும்பு முறிவு, முழங்காலுக்குக் கீழே இன்னொரு முறிவு. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். லாரி டிரைவர் மேல் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை எல்லாம் ஆயிற்று. அதே வருடம் ஜூலையில் 8 லட்சம் கேட்டு எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போட்டோம்.

அப்பாவின் நிரூபண வாக்குமூலம் (எழுத்தில் தரும் சாட்சியம்), குறுக்கு விசாரணை இரண்டும் முடிந்துவிட்டன. அதோடு வழக்கு அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும்தான் கொடுத்தார்கள். கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே கேட்டால் கோர்ட் ஆர்டர் கொண்டுவா என்கிறார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர், கோர்ட்டுக்கு வந்து காத்திருக்க எனக்கு நேரமில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். டாக்டரை விசாரிக்காமல் பில்லையும் 45 சதவீத ஊனச் சான்றிதழையும் ஏற்கக் கூடாது என்கிறார் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல். உங்கள் சாட்சியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி நீதிபதி வாய்தா போடுகிறார். இதுவரை ஆறு வாய்தா. ஒவ்வொரு முறையும் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். இந்தத் தீர்ப்பாயம் சாதாரண சிவில் கோர்ட் மாதிரியா, இல்லை அதைவிட அதிகாரம் குறைந்த ஒன்றா? ஒரு தனியார் ஆஸ்பத்திரியைக் கட்டாயப்படுத்தி ஆவணம் கொண்டுவர வைக்க அதற்கு அதிகாரம் இருக்கிறதா? அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு என்று எதுவுமே கிடையாது, அதற்கு என்ன செய்வது?

குமாஸ்தா_நெல்லை எழுதியது:

தம்பி, வக்கீல் ஆபீசில் 22 வருடமாக எம்.சி.ஓ.பி. கட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது வாரம் ஒருமுறை எங்கள் ஆபீஸ் வாசலில் கேட்கிற கதை. அதிகாரம் நிச்சயமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 169-ஐ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், பெரிய பிரிவு இல்லை. முதல் உட்பிரிவு, விதிகளுக்கு உட்பட்டு, தீர்ப்பாயம் தனக்குச் சரி என்று படுகிற சுருக்கமான நடைமுறையைப் பின்பற்றலாம் என்கிறது. இரண்டாவது உட்பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது. சத்தியப் பிரமாணத்தின் மேல் சாட்சியம் எடுப்பது, சாட்சியை வரவழைப்பது, ஆவணங்களையும் பொருட்களையும் கொண்டுவரச் செய்வது ஆகியவற்றில் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள எல்லா அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று அதில் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி, அரசு ஆஸ்பத்திரி என்ற பேதமெல்லாம் அதில் இல்லை.

அப்புறம் ஏன் நடக்கவில்லை என்றால், பெரும்பாலும் யாரும் எழுத்தில் கேட்பதில்லை. வாய்தா அன்று எழுந்து நின்று "ஐயா, டாக்டர் வரமாட்டேன் என்கிறார்" என்று சொன்னால் அது கட்டில் ஏறாது. டாக்டருக்கும் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கும் சம்மன் கேட்டு உங்கள் வக்கீல் தனித்தனியாக இடைமனு போட வேண்டும். மனுவில் உள்நோயாளி எண், அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி, என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். "அனைத்து ஆவணங்களும்" என்று பொதுவாகப் போட்டால் பில் நகலை மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்பார்கள். ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, எக்ஸ்ரே ஃபிலிம், தினசரி நர்ஸ் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாட்சிப் பேட்டாவை (சாட்சி வந்துபோகும் செலவுக்கான பணம்) உடனே கட்டிவிடுங்கள், பேட்டா கட்டாமல் சம்மன் போகாமல் கிடந்த கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சம்மன் கைக்குப் போய்ச் சேர்ந்தும் வராவிட்டால் வாரண்ட் வரை போக வழி உண்டு. அநேகமாக அதுவரை போகாது, சம்மனைக் கையில் வாங்கியதுமே பதிவேட்டுப் பிரிவில் இருந்து ஒருவரைக் கட்டோடு அனுப்பிவிடுவார்கள்.

மனுவைத் தள்ளுபடி செய்தாலும் பயப்படாதீர்கள். அப்போது கையில் ஓர் உத்தரவு இருக்கும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சீராய்வுக்குப் போகலாம். வாய்தாவை எதிர்த்து எங்கே போவது?

டாக்டர் விஷயத்துக்கு ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற 2010-ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வக்கீலிடம் சொல்லுங்கள், அவருக்கும் தெரிந்திருக்கும். மருத்துவ சாட்சியம் வரும்போது தீர்ப்பாயம் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உண்மையைக் கண்டறிய அதுவே முனைப்பாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. டாக்டர்கள் ஏன் வரத் தயங்குகிறார்கள் என்பதையும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது, எனக்குப் பிடித்த பகுதி அதுதான். டாக்டருக்குக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கி, வந்தவுடன் முதல் ஆளாக விசாரித்து அனுப்பலாம். தீர்ப்பாயத்தின் சார்பில் போய்ச் சாட்சியம் பதிய ஆணையர் ஒருவரை நியமித்து ஆஸ்பத்திரியிலேயே வாக்குமூலம் பதியலாம். உங்கள் டாக்டர் காத்திருக்க நேரமில்லை என்றுதானே சொன்னார்? அப்படியானால் சம்மன் மனுவோடு ஆணையர் மனுவையும் சேர்த்தே போடுங்கள். ஆணையருக்கு ஒரு கட்டணம் ஆகும், ஆனால் அப்பாவை இன்னும் நான்கு வாய்தாவுக்கு ஆட்டோவில் ஏற்றும் செலவையும் நோவையும் நினைத்தால் அது ஒன்றும் பெரிதில்லை.

நாலுவழிப்பயணி எழுதியது:

ஒரு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். பிரிவு 170-இல் அனுமதி வாங்காமல் இன்சூரன்ஸ் கம்பெனி வருமானம், ஊனம் பற்றியெல்லாம் குறுக்கு விசாரணையே செய்ய முடியாது. லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை போன்ற காரணங்களை மட்டும்தான் எழுப்பலாம். எங்கள் மாமா வழக்கில் வக்கீல் இதை வைத்துத்தான் வாதாடினார். உங்கள் வக்கீல் ஏன் ஆட்சேபணை சொல்லவில்லை என்று கேளுங்கள்.

இன்னொன்று, என் நண்பர் ஒருவருக்கு விபத்து நடந்து 14 மாதம் ஆகிவிட்டது. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டுமாமே, இனிப் போடவே முடியாதா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

நாலுவழிப்பயணி சொன்னதில் முதல் பகுதி இப்போது பொருந்தாது. அதை நம்பி வாதத்தை அமைத்துவிட வேண்டாம். வாகன உரிமையாளர் மனுதாரரோடு கூட்டுச் சேர்ந்துகொண்டாலோ வழக்கையே நடத்தாமல் விட்டாலோ, தீர்ப்பாயம் இன்சூரன்ஸ் கம்பெனியை வழக்கில் சேர்த்து எல்லாக் காரணங்களையும் எழுப்ப அனுமதிக்கலாம் என்பதுதான் பிரிவு 170. மனுதாரரே இன்சூரன்ஸ் கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தால் அந்த அனுமதி இல்லாமலே எல்லாக் காரணங்களையும் அது எழுப்பலாம் என்று 2011-இல் ஷீலா தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. நம்மூரில் எல்லோரும் கம்பெனியை ஆரம்பத்திலேயே சேர்த்துத்தான் மனுப் போடுகிறோம்.

14 மாத விஷயம்: ஆறு மாதக் கெடு 2019 திருத்தத்தில் வந்து 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது, பிரிவு 166(3). அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, இதற்கிடையில் இந்தக் கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதனால் நண்பரை இன்னும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 166(4) சொல்கிறது, நண்பர் வழக்கில் காவல் நிலையம் விரிவான விபத்து அறிக்கை அனுப்பியதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். 2022 விதிகளின்படி 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போயாக வேண்டும்.

இப்போது கரிசல்மண் கேட்டதற்கு வருகிறேன். குமாஸ்தா ஐயா நடைமுறையை அருமையாகச் சொல்லிவிட்டார். அந்த டாக்டரின் சாட்சியம் உங்கள் வழக்கில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன். மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி 50 முதல் 60 வயதுள்ள, நிரந்தர வேலை இல்லாதவருக்கு வருங்கால உயர்வு 10 சதவீதம், ஆக 13,200. ஆண்டுக்கு 1,58,400. 52 வயதுக்கு 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் பெருக்கெண் (ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 11, ஆக 17,42,400. காயமடைந்தவர் உயிரோடு இருப்பதால் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது. இதில் சான்றிதழில் உள்ள 45 சதவீதத்தை அப்படியே போட்டால் 7,84,080. மூட்டை தூக்குபவர் என்பதால் சம்பாதிக்கும் திறன் இழப்பு 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் கண்டால் 13,93,920. இரண்டுக்கும் நடுவே ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதற்கு மேல்தான் வரும்.

அந்த 80-ஐ சான்றிதழ் சொல்லாது. சான்றிதழ் காலின் ஊனத்தைச் சொல்லலாம், முழு உடம்பின் ஊனத்தைச் சொல்லலாம், எதைச் சொல்கிறது என்பதையே சில சமயம் டாக்டரிடம் கேட்டால்தான் தெரியும். ராஜ்குமார் வழக்கில் ஓர் உதாரணம் வருகிறது. இடது கை துண்டிக்கப்பட்டவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடும், அதே ஊனம் உள்ள அரசு அலுவலக குமாஸ்தா வேலையில் தொடரலாம். எனவே டாக்டரிடம் கேட்க வேண்டியது "எத்தனை சதவீதம்" என்பது மட்டுமில்லை. இவரால் 50 கிலோ, 100 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்க முடியுமா, குந்தி எழுந்திருக்க முடியுமா, படி ஏற முடியுமா, இந்த நிலை இனிமேல் மாறுமா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் கேட்க மறந்தாலும் தீர்ப்பாயமே கேட்கலாம், பிரிவு 168 இதை "விசாரணை" என்றுதான் அழைக்கிறது, நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது தீர்ப்பாயத்தின் கடமை. தேவைப்பட்டால் துறை அறிவுள்ள ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளவும் 169(3) இடம் தருகிறது. ஊனத்தில் சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழுவுக்கும் அனுப்பலாம்.

வருமானம்: சம்பளச் சீட்டு இல்லை என்பதால் தலையில் கை வைக்க வேண்டாம். அப்பாவிடம் உடல் உழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? இருந்தால் அதைக் குறியீடு செய்யுங்கள் (சாட்சி ஆவணமாக எண் போட்டுச் சேருங்கள்), தொழில் என்ன என்பதாவது உறுதியாகும். மண்டி முதலாளியோ மேஸ்திரியோ ஒருவர் வந்து சாட்சி சொன்னால் நல்லது. சையது சாதிக் என்ற 2014 வழக்கில் மனுதாரர் ஒரு காய்கறி வியாபாரி, கால் போய்விட்டது. வருமானத்துக்குக் காகிதம் எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் ஆவணத்தை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது, திறன் இழப்பை 85 சதவீதம் என்றது. அது 2008-இல் நடந்த விபத்து, உங்களுடையது 2023.

8 லட்சம்தானே கேட்டோம் என்ற கவலையும் உங்களுக்கு வரும். கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கத் தடையில்லை என்று 2002-இல் நாகப்பா வழக்கில் சொல்லியாயிற்று. கூடுதல் தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

கரிசல்மண் எழுதியது:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 45-க்கும் 80-க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சான்றிதழ் கையில் இருக்கிறது, டாக்டர் வராவிட்டால் என்ன, அதை வைத்தே முடித்துக்கொள்ளலாம் என்று போன வாரம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல வேளை கேட்டேன்.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். போன வருடம் ஒரு வாய்தாவுக்கு நாங்களும் வக்கீலும் போகவில்லை, அப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்து படுத்திருந்தார். வழக்கைத் தள்ளுபடி செய்து, பிறகு மனுப் போட்டு மறுபடி கோப்பில் எடுத்தார்கள். இதனால் பாதிப்பு உண்டா? லாரி ஓனர் இதுவரை கோர்ட் பக்கம் வரவே இல்லை, டிரைவருக்குக் கனரக வாகன லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி இப்போது சொல்கிறது. அப்படியானால் பணமே வராதா?

குமாஸ்தா_நெல்லை எழுதியது:

வழக்குக்குப் பாதிப்பு இல்லை தம்பி, வட்டிக்கு உண்டு. மனுத் தேதியிலிருந்து வட்டி தரப் பிரிவு 171 இடம் தருகிறது, நம் பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம். ஆனால் தள்ளுபடி ஆன நாளிலிருந்து திரும்பக் கோப்பில் எடுத்த நாள் வரை உள்ள காலத்துக்கு வட்டி இல்லை என்று தீர்ப்பில் ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அந்தக் காலம் எத்தனை நாள் என்று சரியாகக் குறித்து வையுங்கள், கணக்கில் கூட்டிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்குப் பார்த்த மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் கட்டில் சேருங்கள்.

லைசென்ஸ் இல்லை என்று சொன்னால் போதாது, கம்பெனிதான் அதை நிரூபிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆளைச் சம்மன் போட்டு வரவழைத்துப் பதிவேட்டைக் காட்ட வேண்டும், அதே 169(2) அவர்களுக்கும்தான். அப்படியே நிரூபித்தாலும் 2004 ஸ்வரண் சிங் வழக்கின் வழியில், கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடச் சொல்லி உங்கள் வக்கீல் கேட்கலாம்.

மஞ்சள்வெயில் எழுதியது:

சட்டம் எனக்கு அதிகம் தெரியாது தம்பி, பட்டதை மட்டும் சொல்கிறேன். என் கணவர் 2014-இல் விபத்தில் இறந்துபோனார், 2018-இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், பணம் கட்ட வேண்டிய நிறுவனம் 30 நாளில் டெபாசிட் செய்ய வேண்டும் என்ற விதி இருந்தும் ஒன்றரை வருடம் கட்டவே இல்லை. நிறைவேற்று மனு போட்டு ஜப்தி உத்தரவு வாங்கிய பிறகுதான் கட்டினார்கள். அரசு பஸ்ஸை ஜப்தி செய்தார்கள் என்று பேப்பரில் அடிக்கடி படிப்போமே, அந்தச் செய்திகளுக்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி கோர்ட் வராந்தாவில் நின்றிருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது. தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனுப் போடுங்கள், 30 நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. என் மகளின் பங்கைத் தேசிய வங்கியில் 18 வயது வரை வைப்புத் தொகையாகப் போடச் சொன்னார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, என் பிள்ளையின் பணத்தை நான் தொடக் கூடாதா என்று. ஆனால் அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்த உறவினர்களில் பாதிப் பேர் கடன் கேட்கத்தான் வந்தார்கள். அந்தப் பணம் வங்கியில் இருந்ததால்தான் அவள் நர்சிங் படிக்க முடிந்தது. இடையில் வட்டியை எடுத்துப் பள்ளிக் கட்டணம் கட்டத் தீர்ப்பாயத்திடம் மனுப் போட்டேன், அனுமதி கொடுத்தார்கள்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

அக்கா சொன்ன வைப்புத் தொகை ஏற்பாடு 1993 சூசம்மா தாமஸ் வழக்கின் வழிகாட்டுதல்களில் இருந்து வருவது. நிறைவேற்றத்துக்கு இப்போது வழி இன்னும் நேரானது, 2019 திருத்தத்தில் சேர்ந்த 169(4) சிவில் நீதிமன்றம் தன் தீர்ப்பை நிறைவேற்றும் எல்லா அதிகாரத்தையும் தீர்ப்பாயத்துக்கே கொடுத்துவிட்டது. பழைய பிரிவு 174-இன்படி ஆட்சியருக்குச் சான்று அனுப்பி நிலவரி பாக்கி போல வசூலிக்கும் வழியும் அப்படியே இருக்கிறது.

கரிசல்மண் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வக்கீல் இரண்டு சம்மன் மனுவும் ஆணையர் மனுவும் போட்டார். இன்சூரன்ஸ் தரப்பு ஆட்சேபித்தது, வழக்கை இழுக்கப் பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். நீதிபதி ராஜ்குமார் தீர்ப்பை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்றையும் அனுமதித்தார். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் கேஸ் ஷீட் கட்டைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார். அடுத்த வியாழன் மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியிலேயே டாக்டரின் வாக்குமூலம். டாக்டரே நேரம் சொன்னார், முகம் சுளிக்கவில்லை. அப்பா வர வேண்டியதில்லை என்று ஆணையர் சொல்கிறார். அழைத்துப் போவதா வேண்டாமா?

குமாஸ்தா_நெல்லை எழுதியது:

கட்டாயம் அழைத்துப் போங்கள் தம்பி. இந்த ஒரு முறை சிரமத்தைப் பார்க்க வேண்டாம். டாக்டர் அவர் காலை அன்றைக்கே மடக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் மடங்குகிறது என்று வாக்குமூலத்தில் சொன்னால் அதற்குத் தனி எடை. எக்ஸ்ரே ஃபிலிமைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்து ஒரே எண்ணில் குறியீடு செய்ய விடாதீர்கள், ஆபரேஷன் குறிப்பு ஒரு எண், ஃபிலிம் ஒரு எண், ராடு எடுக்க இனி ஆகும் செலவுக்கு டாக்டர் எழுதித் தரும் மதிப்பீடு ஒரு எண். அந்த மதிப்பீட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.